லினக்ஸில் ஒரு பாட்டுப்பெட்டி: வீட்டிலேயே செய்யலாம், கட்டற்ற மென்பொருளில்

ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. அதற்குத் திரை கிடையாது, பொத்தான் கிடையாது. என்ன பாட்டு என்று தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கும் ஃபோனில். பாடுவது அந்தப் பெட்டி. இந்தப் பதிவில் அப்படி ஒன்றைச் செய்யப் போகிறோம். விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளமான லினக்ஸ் பழக்கமில்லாதவரும் செய்யலாம். கருப்புத் திரையில் கட்டளை தட்டுகிற வேலை ஒன்றுகூட இதில் இல்லை.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு ஃபோனிலிருந்து போகிறது. ஃபோனுக்கு அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும்; ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினாலும் நிற்கும். நாம் செய்யும் பெட்டியில் பாடல் கோப்புகள் பெட்டியோடு இணைந்த வட்டில் இருக்கும். ஃபோன் வெறும் ரிமோட்தான். அதை அணைத்துவிட்டாலும் ஆல்பம் முடியும்வரை பெட்டி பாடிக்கொண்டிருக்கும். வீட்டில் யார் வேண்டுமானாலும் தங்கள் ஃபோனிலிருந்து அடுத்த பாட்டை வரிசையில் சேர்க்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு அடியில் இருப்பது எம்பிடி, அதாவது மியூசிக் ப்ளேயர் டீமன். 2003-லிருந்து வளர்ந்துவரும் மென்பொருள் இது. தனக்கென்று முகம் எதுவும் இல்லாமல் பின்னணியில் ஓடும். வலையமைப்பு வழியாக யார் 'இதைப் பாடு' என்று சொன்னாலும் பாடும். எம்பிடியைத் தனியாக நிறுவி, அமைப்புக் கோப்பைக் கையால் எழுதியும் இதையெல்லாம் செய்யலாம். முதல்முறைக்கு அது வேண்டாம். எம்பிடியை உள்ளே வைத்து, மேலே அழகான உலாவிப் பக்கம் ஒன்றையும் சேர்த்துத் தரும் 'மூட் ஆடியோ' என்ற இலவச லினக்ஸ் தொகுப்பையே நாம் எடுத்துக்கொள்வோம்.

என்னென்ன வேண்டும்

ஒரு ராஸ்பெர்ரி பை, அதாவது ஒரே பலகையில் அடங்கும் சிறு கணினி. பை 4 இருந்தால் நல்லது, 2 ஜிபி நினைவகமே தாராளம். ஏற்கெனவே பை 3 சும்மா கிடக்கிறதென்றால் அதையே எடுங்கள். பாட்டுக்கு அது போதும். அப்புறம் 16 ஜிபி மெமரி கார்டு, பாடல்களுக்கு ஒரு யுஎஸ்பி வட்டு, ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் (அல்லது ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்த பவர்டு ஸ்பீக்கர்), கார்டில் எழுதுவதற்கு ஏதாவதொரு கணினி.

இதோடு இரண்டு பொருள்களில் கவனம் தேவை: டாக், மின் அடாப்டர்.

டாக் என்பது எண்களாக இருக்கும் இசையைக் கம்பியில் ஓடும் மின் அலையாக மாற்றும் கருவி. பை 4-லும் பை 3-லும் ஹெட்ஃபோன் துளை இருக்கிறதே, அது போதாதா என்று தோன்றும். அந்தத் துளைக்குப் பின்னால் தனி டாக் சிப் கிடையாது. மின்துடிப்புகளின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து ஒலியை உருவாக்கும் எளிய சுற்று மட்டுமே உண்டு. நல்ல ஸ்பீக்கரில், பாட்டு மெல்லிசாகும் இடங்களில் 'உஸ்' என்ற இரைச்சல் தெளிவாகக் கேட்கும். பை 5-லும் பை ஸீரோவிலும் அந்தத் துளையே இல்லை.

டாக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று யுஎஸ்பியில் செருகுவது. மற்றொன்று பையின் 40 ஊசிகள் மேல் தொப்பிபோல உட்காரும் சிறு பலகை. இரண்டாவது கச்சிதமாக இருக்கும், ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது யுஎஸ்பி டாக்தான். யுஎஸ்பி ஆடியோ பொதுத் தரத்தைப் பின்பற்றும் டாக்கை லினக்ஸ் செருகியவுடன் அடையாளம் கண்டுகொள்ளும், டிரைவர் எதுவும் தேட வேண்டாம். நாளைக்கு பையை மாற்றினாலும் டாக் உங்களோடு வரும். செலவழிக்க ஓரளவுதான் பணம் இருக்கிறதென்றால் விலை உயர்ந்த பை வாங்காமல் டாக்கில் போடுங்கள். காதுக்கு வந்து சேரும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அடாப்டர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதன்முதலில் பழைய ஃபோன் சார்ஜரில் பையை ஓட்டினேன். சில பாடல்கள் சரியாக ஓடும், திடீரென்று வட்டே காணாமல் போகும். மென்பொருள் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை கார்டை அழித்து எழுதினேன். பிழை சார்ஜரில் இருந்தது. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பை 4-இன் யுஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்த்தே சுமார் 1.2 ஆம்பியர்தான் தரும். சுழலும் ஹார்ட் டிஸ்க் தொடங்கும் நொடியில் அதில் பெரும்பங்கை இழுத்துவிடும். அதனால் சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டு போடுங்கள், அல்லது தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப்பில் வட்டைச் செருகுங்கள்.

கார்டில் எழுதுதல்

கார்டில் இயங்குதளத்தை எழுதித் தரும் மென்பொருளான ராஸ்பெர்ரி பை இமேஜரைக் கணினியில் நிறுவித் திறங்கள். உங்களிடம் உள்ள பையின் மாடலைத் தேர்ந்தெடுங்கள். இயங்குதளப் பட்டியலில் மீடியா ப்ளேயர்களுக்கான பிரிவில் மூட் ஆடியோ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மூட் ஆடியோவின் தளத்திலிருந்து கோப்பைத் தரவிறக்கி, 'சொந்தக் கோப்பு' என்ற தேர்வின் வழியாகக் காட்டுங்கள். அடுத்து மெமரி கார்டு. இங்கே நிதானம் தேவை, தேர்ந்தெடுத்த கார்டில் இருப்பது முழுக்க அழிந்துவிடும்.

எழுதத் தொடங்குமுன் அமைப்புகளைத் திருத்தும் இடம் இமேஜரில் வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். கருவியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபையின் பெயர், வைஃபை கடவுச்சொல், நாடு ஆகிய எல்லாவற்றையும் நிரப்புங்கள். மூடில் முன்கூட்டியே வைத்த பயனர் கணக்கு கிடையாது, ஆகவே பயனர் பெயரைக் காலியாக விட்டால் பின்னால் சிக்கல் வரும். கருவியின் பெயராக மூட் என்பதன் ஆங்கில எழுத்துகளையே, எம்-ஓ-ஓ-டி-ஈ என்று சின்ன எழுத்தில் கொடுங்கள். ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் கம்பி இழுக்க முடிந்தால் வைஃபையைவிட அது மேல்.

முதல் முறை இயக்குதல்

கார்டைப் பையில் செருகி, டாக்கையும் வட்டையும் இணைத்து, கடைசியாக மின்சாரம் கொடுங்கள். முதல் தடவை பை கார்டு முழுவதையும் பயன்படுத்தும்படி தன்னை விரித்துக்கொள்ளும், ஒருமுறை தானே நின்று மறுபடி தொடங்கும். சில நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு அதே வைஃபையில் இருக்கும் ஃபோனிலோ கணினியிலோ உலாவியைத் திறந்து, கருவியின் பெயரை அடித்து, ஒரு புள்ளி வைத்து, 'லோக்கல்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேருங்கள். மூடின் பக்கம் விரியும். வரவில்லையென்றால் ரவுட்டரின் பக்கத்தில் இணைந்த கருவிகளின் பட்டியலைப் பார்த்து, பையின் ஐபி முகவரியை நேரடியாக அடியுங்கள்.

ஒலியைச் சரிசெய்தல்

மெனுவில் 'கான்ஃபிகர்' போய் 'ஆடியோ' பக்கத்தைத் திறங்கள். வெளியீட்டுக் கருவியாக உங்கள் யுஎஸ்பி டாக்கின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். தொப்பிப் பலகை வாங்கியவர்கள் ஐ2எஸ் (ஊசிகள் வழியாக டாக்குக்கு இசையை அனுப்பும் முறை) பட்டியலில் தங்கள் பலகையின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பையை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அடுத்து வால்யூம் வகை. 'ஹார்டுவேர்' என்றால் டாக்கே ஒலியைக் கூட்டிக் குறைக்கும். 'சாஃப்ட்வேர்' என்றால் எம்பிடி எண்களை மாற்றிக் குறைக்கும். 'ஃபிக்ஸ்டு' என்றால் எதுவும் மாறாமல் முழு அளவில் டாக்குக்குப் போகும். ஒலியை ஆம்ப்ளிஃபையரின் குமிழில்தான் குறைக்க வேண்டும். தரத்துக்கு மூன்றாவது நல்லது. ஆனால் உங்கள் ஆம்ப்ளிஃபையரில் குமிழ் இல்லையென்றால் அதைத் தொடவே தொடாதீர்கள். முதல் பாட்டே முழுச் சத்தத்தில் பாய்ந்து ஸ்பீக்கரையும் காதையும் பதம் பார்த்துவிடும். எந்த வகை வைத்தாலும் முதல் சோதனையைக் குறைந்த ஒலியில் தொடங்குங்கள்.

எல்லாம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஏதாவது பாட்டை ஓடவிட்டு 'ஆடியோ இன்ஃபோ'வைத் திறங்கள். கோப்பின் மாதிரி வீதமும் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்கியிருக்கிறார்கள் என்பது) டாக்குக்குப் போகும் வீதமும் அதில் தெரியும். சிடியிலிருந்து எடுத்த பாட்டு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். வெளியேயும் 44.1 என்றே இருந்தால் இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். 48 என்று காட்டினால் எங்கோ மறுமாதிரி, அதாவது வீதத்தை மாற்றும் வேலை, நடக்கிறது, அமைப்பில் அதைத் தேடி அணையுங்கள்.

பாடல்களைச் சேர்த்தல்

இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள், அவசரப்பட வேண்டாம்.

சிடிக்களை ஃப்ளாக் வடிவத்தில் எடுத்து வையுங்கள். 2001-இல் வந்த கட்டற்ற வடிவம் அது. ஒலியில் ஒரு பிட்கூட இழக்காமல் அளவைக் குறைக்கும். ஒரு மணி நேரச் சிடி இசை சுருக்காமல் இருந்தால் சுமார் 635 எம்பி. ஃப்ளாக்கில் பொதுவாக அதில் பாதியோ கொஞ்சம் கூடவோ வரும். 1 டிபி வட்டில் 2,500 மணி நேர இசையைத் தாராளமாக வைக்கலாம். கலைஞர் பெயரில் ஓர் உறை (ஃபோல்டர்), அதற்குள் ஆல்பம் பெயரில் ஓர் உறை என்று அடுக்குங்கள். அட்டைப் படத்தை ஆல்பத்தின் உறைக்குள் 'கவர்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு வைத்தால் மூட் எடுத்துக்கொள்ளும்.

உறைகளை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் மூடின் நூலகப் பக்கம் பார்ப்பது கோப்புக்குள் இருக்கும் டேக்குகளைத்தான், அதாவது பாட்டு, பாடகர், ஆல்பம் பெயர்கள் எழுதிய குறிப்புகளை. ஒரு பாடகரின் பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்தால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார். பாட்டுக்கு ஒரு பாடகர் என்று பலர் பாடிய ஆல்பம் இன்னும் மோசம்: பத்துப் பாட்டும் பத்துக் கலைஞர்களின் கீழ் சிதறிப்போகும். 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' என்ற டேக்கில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தால் அவை ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்ற கட்டற்ற மென்பொருள் இந்த வேலையில் பெரிய துணை. பாட்டின் ஒலியையே ரேகைபோல எடுத்து, பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பெயர்களை நிரப்பித் தரும். அது தருவதை அப்படியே சேமிக்காமல் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள், தவறான பதிப்போடு பொருத்திவிடுவதும் உண்டு.

வட்டு தயாரானதும் பையில் செருகி, 'லைப்ரரி' பக்கத்தில் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள். ஆயிரக்கணக்கில் பாடல்கள் இருந்தால் கொஞ்ச நேரம் பிடிக்கும். பாடல்கள் வீட்டில் வேறொரு கணினியிலோ நாஸிலோ (வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டி) இருந்தால் அதே பக்கத்தில் அதன் பகிர்ந்த உறையைச் சேர்க்கலாம். ஆனால் பாட்டு கேட்கும்போதெல்லாம் அந்தக் கணினியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆல்பத்துக்கு ஆல்பம் சத்தம் ஏறி இறங்குவது தொந்தரவாக இருந்தால் பிகார்டிலோ வேறு கருவியிலோ ரீப்ளே கெயின் டேக்குகளை (பாட்டின் சத்தத்தை எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்ற குறிப்பு) சேர்த்து, எம்பிடி அமைப்பில் அதை இயக்குங்கள். முழு ஆல்பமாகக் கேட்பவர்கள் 'ஆல்பம்' முறையையே வையுங்கள். இல்லையென்றால் மெல்லிய பாட்டும் உரத்த பாட்டும் ஒரே அளவுக்கு வந்து, இசையமைத்தவர் வைத்த ஏற்ற இறக்கம் போய்விடும்.

மற்றவை

'ரெண்டரர்ஸ்' பக்கத்தில், ஃபோனிலிருந்தே பெட்டிக்குப் பாட்டு அனுப்பும் வழிகளான புளூடூத், ஏர்ப்ளே, ஸ்பாட்டிஃபை கனெக்ட் ஆகியவை இருக்கின்றன. வேண்டியதை மட்டும் இயக்குங்கள். இணைய வானொலி நிலையங்கள் பட்டியலோடே வரும். வெளியூரிலிருந்து கேட்க ஆசைப்பட்டு ரவுட்டரில் துளை திறந்து மூடின் பக்கத்தை இணையத்துக்குக் காட்டாதீர்கள். வீட்டு வலையமைப்புக்குள் இருப்பதற்காகவே அமைந்தது அது.

அணைக்கும்போது செருகியை நேராகப் பிடுங்க வேண்டாம். மெனுவில் 'ஷட்டவுன்' கொடுத்து, பையின் பச்சை விளக்கு மின்னுவது நின்றபின் மின்சாரத்தை எடுங்கள். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெடலாம். கெட்டாலும் இழப்பு பெரிதில்லை, அரை மணி நேரத்தில் புதிய கார்டு எழுதிவிடலாம். பாடல்கள் இருக்கும் வட்டு அப்படியில்லை. அதே அளவில் இன்னொரு வட்டு வாங்கி, புதிய ஆல்பங்கள் சேரச் சேர அதிலும் பிரதி எடுத்துத் தனியாக வையுங்கள். எல்லாம் சாதாரணக் கோப்புகள்தான். பை பழுதாகிக் கிடக்கும் நாளில் அந்த வட்டை எந்தக் கணினியில் செருகினாலும், விட்ட ஆல்பத்தை அங்கேயே தொடர்ந்து கேட்கலாம்.