பிரையன் கிளஃப் மாதிரி டீமை மேய்க்கணுமா? வாயை மட்டும் காப்பி அடிக்காதீங்க

ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் டீமுக்கு கோச்னு உங்களப் போட்டுட்டாங்க, இல்ல ஆபீஸ்ல எட்டு பேர தலையில கட்டிட்டாங்கன்னு வைங்க. கிளஃப்னா இங்கிலாந்து ஃபுட்பால்ல வாய்க்குப் பேர் போன மேனேஜர், அவரு பேட்டி ரெண்டு பாத்தாலே நமக்கும் வாய் அரிக்கும். பிளேயர் ஒத்துக்கலன்னா என்ன செய்வீங்கன்னு கேட்டதுக்கு, இருபது நிமிசம் பேசுவோம், அப்புறம் நான் சொன்னதுதான் சரின்னு முடிவு பண்ணுவோம்னாரு மனுசன். கெத்துதான். ஆனா அந்த வாய் மட்டும் இருந்தா என்ன ஆகும்னு அவரே 1974ல காட்டிட்டாரு, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல் வேலை, ஆளப் பாக்குறது. 1975 ஜனவரில கிளஃப் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் டீமுக்கு மேனேஜரா வந்தப்ப அது ரெண்டாவது டிவிஷன்ல கெடந்துச்சு, அங்க ஜான் ராபர்ட்சன்னு ஒருத்தன், தொப்பை, சிகரெட்டு, கசங்குன டிரஸ்ஸு, வித்துடலாம்னு லிஸ்ட்ல போட்டு வச்சிருந்தாங்க. எனக்கு மனசு சரியில்லன்னா இவன் பக்கத்துல போய் உக்காருவேன், நான் சினிமா ஹீரோ மாதிரி தெரிவேன்னு கிளஃப் கிண்டல் பண்ணிருக்காரு. ஆனா அதே மூச்சுல, இவன்கிட்ட பந்தையும் ஒரு கஜம் புல்லையும் குடுத்தா இவன் பிக்காசோன்னாரு. சும்மா புகழ்ச்சி இல்ல, டீமோட ஆட்டமே அதுதான், இடது பக்கம் ராபர்ட்சன்கிட்ட பந்தக் குடு, மிச்சத்த அவன் பாத்துக்குவான். தொடர்ந்து 243 மேட்ச் ஆடுனான். 1979ல மியூனிக்ல நடந்த ஐரோப்பிய கப் ஃபைனல்ல ரெண்டு பேரத் தாண்டி அவன் அடிச்ச கிராஸ்லதான் ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால முட்டி மால்மோவ 1-0ன்னு முடிச்சாரு, அடுத்த வருசம் மாட்ரிட்ல ஹாம்பர்க்குக்கு எதிரா அந்த ஒரே கோல அவனே போட்டான். அதனால கோச் ஆன முதல் வாரம் லெக்சர் குடுக்காதீங்க. ஒவ்வொருத்தனும் எந்த ஒரு வேலையில கில்லின்னு நோட்ல எழுதுங்க, அந்த வேலைய மட்டும் அவன்கிட்ட குடுங்க, வராதத கத்துக் குடுக்குறேன்னு உயிர வாங்காதீங்க.

அப்புறம் அந்த கோமாளித்தனம். அதுல பாதிக்கு கணக்கு இருந்துச்சு. பிரிட்டன்லயே முதல் மில்லியன் பவுண்டு பிளேயரா ஃபிரான்சிஸ் வந்த அன்னிக்கு பிரஸ் மீட்டுக்கு இவரு ஸ்குவாஷ் மட்டையோட வந்து நின்னாரு, விலையும் 9,99,999தான்னு சொன்னாரு (வரியெல்லாம் சேந்து மில்லியனத் தாண்டிருச்சு, அது வேற கதை). பையன் தலையில அந்த மில்லியன் ஏறி உக்காந்துடக் கூடாதுன்னுதான். 1979 லீக் கப் ஃபைனலுக்கு முந்தின ராத்திரி ஹோட்டல்ல எல்லாரையும் உக்கார வச்சு ஷாம்பெய்ன் ஊத்துனாரு, தூங்கப் போறேன்னவனையும் விடல. மறுநாள் முதல் பாதில 1-0ன்னு பின்னாடி, கடைசில சவுத்தாம்ப்டன 3-2ன்னு ஜெயிச்சுட்டாங்க. நீங்க சரக்கு ஊத்த வேணாம், பரோட்டா கடை போதும், ஆனா பெரிய மேட்ச்சுக்கு முந்தின நாள் டேக்டிக்ஸ் பேசாதீங்க.

காப்பி அடிக்கவே கூடாத ஐட்டமும் இருக்கு. 1991ல எஃப்ஏ கப் மேட்ச்ல ராய் கீன்னு ஒரு அயர்லாந்துப் பையன் பின்னாடி தப்பா பந்தத் தட்டி கோல் விழுந்துச்சு, டிரஸ்ஸிங் ரூம்ல அவர ஒரு குத்து விட்டாரு கிளஃப். ஊர் ஞாபகம் வந்தா அயர்லாந்துக்குப் போய்ட்டு வான்னு அந்தப் பையனுக்கு லீவு குடுத்த ஆளும் இவரேதான். லீவ எடுத்துக்கங்க, குத்த விட்ருங்க.

சரி, 1974. லீட்ஸ் டீம வருசக் கணக்கா திட்டிக்கிட்டு இருந்தவரு அங்கயே மேனேஜரா போறாரு, போன உடனே பிளேயர்ஸ்கிட்ட, உங்க மெடலெல்லாம் ஏமாத்தி வாங்குனது, குப்பைத் தொட்டில போடுங்கன்னாரு. 44 நாள்ல வெளிய அனுப்பிட்டாங்க. வாய் அதே வாய்தான், பக்கத்துல அவரோட வலது கையான அசிஸ்டென்ட் பீட்டர் டெய்லர் மட்டும் இல்ல, அவரு பிரைட்டன் டீம்லயே தங்கிட்டாரு. ஆளக் கண்டுபிடிக்கிற கண்ணு டெய்லரோடது. அடாவடி பிளேயர்னு பேர் எடுத்த கென்னி பர்ன்ஸ வாங்குறதுக்கு முன்னாடி நாய் ரேஸ் நடக்குற எடத்துக்கு தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் போட்டுக்கிட்டுப் போய் அவன் எவ்வளவு சூதாடுறான்னு ஒளிஞ்சு பாத்தது டெய்லர்தான். அந்த பர்ன்ஸ் 1978ல இங்கிலாந்தோட சிறந்த பிளேயர் அவார்டு வாங்குனான், ஃபாரஸ்ட் அந்த வருசம் சாம்பியன்.

அதனால பொறுப்பு எடுத்ததும் உங்க டெய்லரத் தேடுங்க, உங்க மூஞ்சிக்கு நேரா டேய் இது தப்புன்னு சொல்ற ஆளா இருக்கணும். கிடைச்சா சண்டை போட்டு விட்டுடாதீங்க. ஃபாரஸ்ட்ட விட்டுட்டு டெர்பி டீமுக்கு மேனேஜரா போயிருந்த டெய்லர் 1983ல அதே ராபர்ட்சன அங்க வாங்கிட்டுப் போனதுல ரெண்டு பேருக்கும் முறிஞ்சுது, 1990ல டெய்லர் சாகுற வரைக்கும் பேசிக்கல. டெய்லர் ஃபாரஸ்ட்ட விட்டுப் போனப்புறம் கிளஃப் ரெண்டு லீக் கப் ஜெயிச்சாரு, ஆனா லீக் பட்டமும் ஐரோப்பிய கப்பும் திரும்ப வரவே இல்ல.