நாய் பார்சல் கவரை விழுங்கிவிட்டால் செய்யக்கூடாதவை

ஆம்பூர் பிரியாணி பார்சல் வீட்டுக்கு வந்தால் அதோடு என்னென்ன வருகிறது என்று பாருங்கள். வாழை இலை, சில்வர் ஃபாயில், கத்திரிக்காய்த் தொக்குக்கு ஒரு கவர், தயிர்ப் பச்சடிக்கு ஒரு கவர், அவற்றின் கழுத்தில் இறுக்கிச் சுற்றிய நூலோ ரப்பர் பேண்டோ. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. தொக்குக்கு அது இன்னும் தெரியவில்லை. கறி வாசம் அடிக்கும் அந்தக் கவரை, குப்பைக்கூடையைக் கவிழ்த்த நாய் நக்கிப் பார்த்துவிட்டு விடாது, விழுங்கிவிடும்.

உடனே யாராவது உப்பைக் கரைத்து வாயில் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றாதீர்கள். வாந்தி வந்தாலும் வராவிட்டாலும் உப்பு ரத்தத்தில் ஏறும். நடுக்கம், வலிப்பு, உயிரே போகும் நிலை வரலாம். மெடிக்கலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் போனால் டாக்டரே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க வாய்ப்புண்டு. அதுவும் எல்லா நாய்க்கும் செய்யமாட்டார். கபாப் குச்சி, எலும்புச் சில் போன்ற கூர்மையானவை திரும்பி வரும்போது தொண்டையைக் கிழிக்கும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து அதிகம்.

கவரைவிட எனக்குப் பயம் அந்த நூல்தான். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை வாயிலோ சிக்கிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அதை முன்னே தள்ளத் தள்ள, பாவாடை நாடாவில் துணி சுருங்குவதுபோல் நூல்மேல் சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் நூல் குடலை அறுத்து ஓட்டை போட்டுவிடும். ஆகவே வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. ‘கொஞ்சந்தானே வெளியே நிக்குது’ என்று கை பரபரக்கும். அடக்கிக்கொண்டு அப்படியே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

வழுக்கிக்கொண்டு வரட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பதும் தப்பு. அடைத்த குடலை முடுக்கினால் வலிதான் கூடும். இதைவிட மோசம், வீட்டிலிருக்கும் வாந்தி மாத்திரையைக் கொடுப்பது. வாந்தி நிற்கும், அடைப்பு நிற்காது; இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் தெரியும். மனிதர்களுக்கான வலி மாத்திரை நாய்க்கு விஷமாகலாம். சோறு போட்டு உள்ளே தள்ளுவதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யவேண்டாம். மயக்க மருந்து கொடுக்கவேண்டி வந்தால் வயிறு நிறைந்திருப்பது சிக்கல்.

லாப்ரடார் அளவு நாய் மிட்டாய்க் காகிதம் ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். அப்போதும் டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று நாள் மலத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடாமல் படுத்துக்கிடப்பது, முக்கியும் மலம் வராமல் இருப்பது, வயிற்றைத் தொட்டால் உறுமுவது, இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்கவேண்டாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாகிவிடவும் வேண்டாம். பிளாஸ்டிக் கவர் அதில் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள்.

சிப்ஸ் பாக்கெட் கதை வேறு. நாய் தலையை உள்ளே விட்டு மூச்சிழுத்தால் பாக்கெட் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், சில நிமிடங்களில் மூச்சடைத்துவிடும். காலி பாக்கெட்டை நீளவாக்கில் வெட்டித்தான் போடவேண்டும்.

டாக்டரிடம் போகும்போது மிச்சக் கவரை எடுத்துப் போங்கள். எவ்வளவு காணோம், நூல் இருந்ததா, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பிரியாணியும் உள்ளே போயிருந்தால் வெங்காயம் பற்றியும் சொல்லுங்கள், அது நாய்க்கு ஆகாது. எண்டோஸ்கோபிக்காகச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால், வேலூரிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் பயணம். வழியில் காவேரிப்பாக்கம் தாண்டியதும் நாய்க்குப் பசிக்குமே என்று வண்டியில் பிஸ்கட் நீட்டவேண்டாம்.