எகிப்தியப் புதையல் வேட்டைக் கதை எழுதுவது எப்படி? தொடக்கநிலை எழுத்தாளர்களுக்கான செய்முறை விளக்கம்

பண்டைய எகிப்தின் கல்லறைகளில் புதையல் தேடும் சாகசக் கதையை முதன்முறையாக எழுத முனைவோருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். புதியவர்கள் பெரும்பாலும் கதாநாயகனை வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். நான் திருடனை வைத்துத் தொடங்கச் சொல்வேன். அரசர்களின் பள்ளத்தாக்கில் உள்ள அரச கல்லறைகள் ஏறத்தாழ அனைத்துமே பழங்காலத்திலேயே கொள்ளையடிக்கப்பட்டவை. அவற்றுக்குள் நுழைந்தவன் எந்த வழியாக வந்தான், எதை எடுத்தான், எதை விட்டுச் சென்றான் என்பதைத் தெரிந்துகொண்டால் கதையின் பாதித் திட்டம் கைக்கு வந்துவிடும்.

முதல் படி: காலத்தை முடிவு செய்யுங்கள்

கல்லறையிலிருந்து ஒரு பொருளை எடுப்பது குற்றமா, பிழைப்பா, ஆய்வா என்பதைக் காலமே தீர்மானிக்கிறது. கி.மு. 1110ஐ ஒட்டிய ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில் கதை நடந்தால், உங்கள் பாத்திரங்கள் செப்பு உளிகளோடு இரவில் மலையேறும் கல்தச்சர்கள். பிடிபட்டால் அவர்களுக்குச் சித்திரவதையும் தண்டனையும் காத்திருக்கும். 1922இல் நடந்தால் தொல்பொருள் துறையின் அனுமதியும், செலவுக்குப் பணம் கொடுக்கும் செல்வந்தரும் தேவைப்படுவார்கள். 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டத்துக்குப் பின் நடந்தால், எகிப்திய மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அனைத்தும் அரசின் உடைமை. அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகும் கதாநாயகன் கடத்தல்காரன்தான். இதை உணராமல் எழுதப்படும் தற்காலக் கதைகள் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன.

தமிழ்ப் பாத்திரம் ஒன்று வேண்டும் என்று விரும்புவோருக்கும் நேர்மையான வழி உண்டு. செங்கடல் கரையில் உள்ள குசைர் அல்-காதிம் துறைமுகத்தில் ரோமானியர் காலத்துத் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அதே ரோமானியர் காலத்தில் அரசர்களின் பள்ளத்தாக்கின் சில கல்லறைகள் திறந்தே கிடந்தன. வந்து பார்த்தவர்கள் சுவர்களில் தங்கள் பெயர்களைக் கீறிச் சென்றனர். ஆகவே அங்கே செல்லும் தமிழ் வணிகன் ஒருவனைக் கற்பனை செய்வதில் தவறில்லை.

இந்த விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் காலம் 1881. லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் உள்ள கூர்னா கிராமத்தைச் சேர்ந்த அப்துல் ரசூல் குடும்பத்தினர் அதற்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தெய்ர் அல்-பஹ்ரி பாறைகளுக்கிடையே ஆழமான ஒரு குழியையும், அதனடியில் குவித்து வைக்கப்பட்டிருந்த அரச மம்மிகளையும் கண்டுபிடித்திருந்தார்கள். திருடர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகப் பழங்காலப் பூசாரிகளே பல கல்லறைகளிலிருந்து எடுத்துவந்து மறைத்து வைத்த மம்மிகள் அவை. குடும்பத்தினர் தேவைப்படும்போது மட்டும் உள்ளே இறங்கி, சிறு பொருட்களை எடுத்து விற்றுவந்தார்கள். அரச பெயர்கள் பொறித்த பொருட்கள் சந்தையில் தொடர்ந்து தலைகாட்டியதால் தொல்பொருள் துறையின் தலைவர் காஸ்தோன் மாஸ்பெரோவுக்கு ஐயம் எழுந்தது. சகோதரர்களில் அகமது கைதாகி அடிபட்டும் வாய் திறக்கவில்லை. விடுதலையானதும், தான் பட்ட துன்பத்துக்கு ஈடாகப் பங்கைக் கூட்டித் தரவேண்டும் என்று அவர் கேட்டதில் வீட்டுக்குள் பூசல் மூண்டது. இறுதியில் மூத்தவர் முகமது அதிகாரிகளிடம் இடத்தைக் காட்டிக்கொடுத்தார். 1881 ஜூலை 6 அன்று மாஸ்பெரோவின் உதவியாளர் எமில் புருக்ஷ் அந்தக் குழிக்குள் இறங்கினார். நம் பயிற்சிக் கதையின் நாயகனாக, இந்தக் குடும்பத்தைச் சேராத, ஆனால் அதே ஊரில் வாழும் பதினாறு வயதுக் கற்பனைப் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: புதையலுக்கு எடை கொடுங்கள்

"எண்ணிலடங்காத தங்கம்" என்று எழுதுவது எளிது. ஆனால் அந்தத் தங்கத்தை யாராலும் தூக்க முடியாது. 1922இல் கல்லறை கண்டுபிடிக்கப்பட்ட அரசன் துட்டன்காமனின் உள் சவப்பெட்டி மட்டுமே சுமார் 110 கிலோகிராம் எடையுள்ள கெட்டித் தங்கம். கழுதை முதுகில் கூட அதை ஓசையின்றி மலையிலிருந்து இறக்க இயலாது. எனவே உங்கள் பாத்திரம் எதைத் தூக்கப் போகிறது, எத்தனை பேர் சேர்ந்து தூக்குவார்கள், எங்கே ஒளிப்பார்கள் என்பதைக் கதை தொடங்கும் முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மைத் திருடர்கள் எதை விரும்பினார்கள் என்பதைத் துட்டன்காமன் கல்லறையே சொல்கிறது. அரசன் அடக்கம் செய்யப்பட்ட சில காலத்துக்குள் அங்கே இரண்டு முறை திருட்டு நடந்தது. அடையாளம் காணப்படக்கூடிய பெரிய பொருட்களை விட்டுவிட்டு, உருக்கக்கூடிய உலோகத்தையும், துணிகளையும், விலையுயர்ந்த நறுமணத் தைலங்களையும் எடுத்துச் சென்றார்கள். தைலச் சாடிகளின் உட்புறத்தில், தைலத்தை வழித்தெடுத்தவனின் விரல் தடங்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அழியாமல் இருந்தன. ஒரு துணியில் முடிந்த தங்க மோதிரங்கள் பெட்டி ஒன்றுக்குள் கிடந்தன; திருடன் பிடிபட்டிருக்கலாம், அல்லது காலடி ஓசை கேட்டுப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். அந்த விரல் தடத்தையும் துணி முடிச்சையும் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். தங்கக் குவியலைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினாலும் வராத நெருக்கம் அதில் வரும்.

நம் கூர்னாப் பையனுக்குப் பாப்பிரஸ் சுருள், அதாவது நாணல் தாளில் எழுதிய சுருள், ஒன்று போதும். கலபியா அங்கிக்குள் மறைத்துக்கொள்ளலாம், காய்ந்துபோனதால் அழுத்தினால் நொறுங்கும், நனைந்தால் கெடும். நைலைப் படகில் கடக்க வேண்டியவனிடம் இத்தகைய பொருளைக் கொடுத்தாலே ஒரு காட்சி தானாக உருவாகிவிடும்.

மூன்றாம் படி: இடத்தைத் தாளில் வரையுங்கள்

சொற்களில் எழுதும் முன் கல்லறையின் அமைப்பைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். துட்டன்காமன் கல்லறை புதியவர்களுக்கு ஏற்ற மாதிரி, ஏனெனில் அது சிறியது: பதினாறு படிகள், சுண்ணாம்புக்கல் சில்லுகளால் நிரப்பப்பட்ட ஒரு சரிவு வழி, ஒரு முன்னறை, அதையொட்டிய பக்க அறை, அரசனை வைத்த அறை, அதற்கப்பால் ஒரு கருவூல அறை. இரண்டாம் முறை வந்த திருடர்கள் அந்தச் சில்லுக் குவியலின் மேல் மூலையில், ஓர் ஆள் மட்டும் ஊர்ந்து செல்லும் அளவுக்குச் சுரங்கம் தோண்டினார்கள். உள்ளே சென்றவன் எடுத்ததைத் தனக்குப் பின்னால் இருப்பவனிடம் கைமாற்றிக் கொடுக்க வேண்டிய நிலை. வழி அடைபட்டால் முதலில் மாட்டுபவன் யார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பெரிய இடம் வேண்டுமானால் 1817இல் பெல்சோனி கண்டுபிடித்த முதலாம் சேத்தியின் கல்லறையைப் பின்பற்றுங்கள். அது மலைக்குள் நூறு மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. வழியில் ஆழமான கிணறு போன்ற குழி ஒன்று குறுக்கிடும். வெள்ள நீரைத் தேக்கவும் திருடரைத் தடுக்கவும் அத்தகைய குழிகள் பயன்பட்டிருக்கலாம் என்பார்கள்.

வரைபடத்தில் மூன்று இடங்களைக் குறியுங்கள்: வெளிச்சம் முடியும் இடம், நிமிர்ந்து நடக்க முடியாமல் போகும் இடம், திரும்பி வரும் வழி துண்டிக்கப்படக்கூடிய இடம். உங்கள் முக்கியக் காட்சிகள் இந்த மூன்று இடங்களில்தான் நிகழவேண்டும்.

நான்காம் படி: தடைகளை உண்மையிலிருந்து எடுங்கள்

சுவரிலிருந்து பாயும் அம்புகளையும், காலடி பட்டதும் உருண்டுவரும் பாறைகளையும் விட்டுவிடுங்கள். எகிப்தியக் கட்டுநர்கள் நம்பியது எடையையும், ஏமாற்றையும், மறைப்பையும். இதற்குச் சிறந்த சான்று ஹவாராவில் உள்ள மூன்றாம் அமெனெம்ஹத்தின் பிரமிடு. அங்கே உண்மையான வழி, கூரையில் பக்கவாட்டில் நகரும் பெருங்கல்லுக்குப் பின்னே மறைந்திருந்தது. நேரே தெரிந்த வழிகள் எங்கும் கொண்டுசெல்லாதவை. அரசனின் அறையோ நூறு டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரே குவார்ட்சைட் பாறையைக் குடைந்து செய்யப்பட்டது. 1889இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி மிகுந்த உழைப்புக்குப் பின் உள்ளே நுழைந்தபோது அறையில் தண்ணீர் நின்றது. இத்தனை பாதுகாப்பையும் மீறித் திருடர்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வந்து போயிருந்தார்கள். காலி அறையைக் கண்டு நிற்கும் அந்தத் தருணத்தைக் கதையின் நடுவில் வைத்தால், பிற்பாதிக்குப் புதிய கேள்வி பிறக்கும்: இங்கிருந்தது எங்கே போயிற்று?

இயற்கைத் தடைகளும் உண்டு. வசந்த காலத்தில் மணலை வாரி வீசும் கம்சீன் காற்று, கோடைப் பகலின் கொடும் வெப்பம், அரிதாகப் பெய்தாலும் கற்களையும் சேற்றையும் புரட்டிவரும் பள்ளத்தாக்கு வெள்ளம் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். துட்டன்காமன் கல்லறை அவ்வளவு காலம் தப்பியதற்கே வெள்ளம் கொண்டுவந்து போட்ட இடிபாடுகளும், பின்னர் அதன் வாயிலுக்கு மேல் கட்டப்பட்ட தொழிலாளர் குடிசைகளும்தான் காரணம்.

ஐந்தாம் படி: குறிப்பை நேர்மையாகப் புதையுங்கள்

வாசகரும் கூடவே தீர்த்துப் பார்க்கக்கூடிய துப்பு ஒன்றையாவது கொடுங்கள். சித்திர எழுத்துகளின் திசை தொடக்க எழுத்தாளருக்கு ஏற்ற துப்பு. எகிப்திய வரிகள் வலமிருந்தும் எழுதப்படும், இடமிருந்தும் எழுதப்படும். பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கம்தான் வரியின் தொடக்கம். வலப்பக்கம் பார்க்கும் ஆந்தையைக் கவனிக்காமல் இடமிருந்து வாசிப்பவர் தவறான வாயிலுக்குப் போவார். அரசர் பெயர்களைச் சுற்றி நீள்வட்டக் கோடு இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத நம் கூர்னாப் பையன்கூட அந்தக் கோட்டை அடையாளம் காண்பான், ஏனெனில் அது உள்ள பொருளுக்கு வியாபாரி கூடுதல் விலை கொடுப்பதை அவன் பார்த்திருப்பான். ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு: பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் 1822இல் இந்த எழுத்தின் புதிரை அவிழ்த்தார், அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் நடக்கும் கதையில் எந்த அறிஞரும் அதை வாசிக்கக் கூடாது.

துப்பை இரண்டாகப் பிரிக்க விரும்பினால் வரலாறே வழிகாட்டுகிறது. கல்லறைத் திருட்டு விசாரணையைப் பதிவு செய்த பாப்பிரஸ் ஒன்றின் கீழ்ப்பாதி நியூயார்க்கில் இருந்தது. மேல்பாதி 1935இல் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில், உள்ளீடற்ற மரச்சிலை ஒன்றுக்குள்ளிருந்து வெளிப்பட்டது.

ஆறாம் படி: எதிராளிக்கும் நியாயம் கொடுங்கள்

அந்த பாப்பிரஸ்தான் அமென்பனூஃபர் என்ற கல்தச்சரின் வாக்குமூலத்தைத் தாங்கி நிற்கிறது. அவரும் கூட்டாளிகளுமாக எட்டுப் பேர் சோபெகெம்சாஃப் அரசனின் கல்லறையை உடைத்து, தங்கத்தை உரித்தெடுத்து, சவப்பெட்டிகளைத் தீயிட்டு, தலைக்கு 20 தெபென், அதாவது ஏறத்தாழ 1.8 கிலோகிராம் தங்கம் பங்கிட்டுக்கொண்டார்கள். பின்னர் பிடிபட்ட அவர் தன் பங்கு முழுவதையும் அதிகாரி ஒருவருக்குக் கையூட்டாகக் கொடுத்து விடுதலை பெற்றார். கூட்டாளிகள் அவருக்கு மறுபடியும் பங்கு கொடுத்தார்கள். திருடர்களுக்குள் இருந்த இந்த நாணயம் கதைக்குப் பெரும் கொடை.

அதே காலத்தில் தீப்ஸ் (இன்றைய லக்சர்) நகரத் தலைவர் பசேர், மேற்குக் கரைத் தலைவர் பவெரோவின் பொறுப்பில் உள்ள கல்லறைகள் கொள்ளை போவதாகப் புகார் செய்தார். ஆய்வுக் குழு பத்து அரச கல்லறைகளைப் பார்வையிட்டு, ஒன்று மட்டுமே உடைபட்டதாக அறிவித்தது. புகார் செய்தவருக்குத்தான் அவமானம் மிஞ்சியது. இப்படிப்பட்ட இரு அதிகாரிகளை எதிரெதிரே நிறுத்துங்கள். இருவருமே தாங்கள் செய்வது சரி என்று நம்ப வேண்டும். கல்லறையைத் திறப்பவரைக் கொல்லும் என்று சொல்லப்படும் சாபத்தை எதிராளியாக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. துட்டன்காமன் கல்லறை அகழாய்வுக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரலில் கொசுக்கடி சீழ்ப்பிடித்து இரத்தம் நஞ்சாகி இறந்தார். அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்து முதலில் உள்ளே நுழைந்த ஹோவர்ட் கார்ட்டரோ 1939 வரை வாழ்ந்தார். பாத்திரங்கள் சாபத்துக்கு அஞ்சலாம். கதை அதை மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: முதல் பத்தியை எழுதுங்கள்

"பயங்கரமான இருளில், மர்மங்கள் நிறைந்த அந்தக் கல்லறைக்குள் அவன் துணிச்சலுடன் இறங்கினான்" என்ற வரியில் வாசகர் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"கயிறு அவன் இடுப்பை அறுத்தது. பேரீச்சை நாரில் மாமன் திரித்த கயிறு; நடுவில் ஒரு முடிச்சு இருப்பது அவனுக்குத் தெரியும். மெழுகுவர்த்தியைப் பற்களால் கவ்விக்கொண்டு, இரு கால்களையும் குழியின் சுவரில் ஊன்றி இறங்கினான். முடிச்சு மேலே விளிம்பைத் தாண்டும்போது கயிறு ஒரு முறை துள்ளியது. மாமன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே இறங்குகிறவனோடு பேசமாட்டார்."

இதில் புதையல் என்ற சொல்லே இல்லை. ஆயினும் ஆழமும், ஆபத்தும், பழக்கப்பட்ட திருட்டும், மாமன் மீது முழுதாக வராத நம்பிக்கையும் வந்துவிட்டன.

எட்டாம் படி: பொருள் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று தீர்மானியுங்கள்

முடிவை எழுதும் முன் 1881இல் உண்மையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட மம்மிகள் சில நாட்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டு, நீராவிக் கப்பலில் கெய்ரோவுக்குப் புறப்பட்டன. அவற்றுள் இரண்டாம் ராம்சேசும் இருந்தார். கப்பல் கடந்து செல்கையில் கரையோரக் கிராமப் பெண்கள் தலைவிரி கோலமாக ஓலமிட்டதாகவும், ஆண்கள் சாவு ஊர்வலத்தில் சுடுவதுபோல் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதாகவும் பதிவுகள் உள்ளன. நம் பையன் அந்தக் கரையில் நிற்கிறான். சுருள் இன்னும் அவன் அங்கிக்குள் இருக்கிறது. அவன் அதை மாஸ்பெரோவின் ஆட்களிடம் கொடுப்பதாகவும் எழுதலாம், லக்சர் வியாபாரிக்கு விற்பதாகவும் எழுதலாம், இருந்த குழிக்கே திருப்பிக் கொண்டுபோவதாகவும் எழுதலாம். எதைத் தேர்ந்தாலும் அந்தச் செயலுக்கு அவன் கொடுக்கும் விலை முன் பக்கங்களில் தெரிந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் இரண்டாம் படிக்குத் திரும்பிச் சென்று, அவன் குடும்பத்துக்கு அந்தப் பணம் எதற்குத் தேவை என்பதை முதலில் எழுதுங்கள்.

எழுதி முடித்த பின் காலப் பிழைகளுக்காக மட்டும் ஒரு முறை படியுங்கள். 1881இல் கைமின்விளக்கு கிடையாது; மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும்தான். அஸ்வான் பேரணை 1970இல்தான் கட்டி முடிக்கப்பட்டது என்பதால், அதற்கு முன் கோடையின் பிற்பகுதியில் நைல் கரைபுரண்டு வயல்களை மூழ்கடிக்கும்; ஆகஸ்டில் உங்கள் பாத்திரம் வயல் வழியே நடந்து செல்கிறதென்றால் அந்தப் பத்தியைத் திருத்திப் படகில் ஏற்றிவிடுங்கள்.