ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135: எது வேகமாக ஓடும் என்று அளந்து பார்ப்பது எப்படி

இந்த இரண்டு பழைய யமஹா பைக்குகளுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) ஒன்றேதான், 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) மட்டும்தான் வேறு: 100-ல் 50, 135-ல் 58. அதனால் ஒன்று 98 சிசி, இன்னொன்று 132 சிசி. இது கம்பெனிக் கணக்கு. தேய்ந்த சிலிண்டரை 0.25 மி.மீ. வீதம் நாலு தடவை கடைந்து போர் அடித்த 100 இன்று 102 சிசி. 135-ன் சிலிண்டர் பிளாக்கை ஏற்றிவிட்டு ‘ஒரிஜினல் 100’ என்று விற்பதும் நடக்கும். ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலையில் அடித்திருக்கும் ஓவர்சைஸ் எண்ணைப் பாருங்கள்.

அடுத்து சைலன்சர். வால்முனை ஸ்க்ரூவைக் கழற்றி உள்குழாயை உருவிப் பாருங்கள்; ஓட்டைகளில் கரி அடைத்திருந்தால் நல்ல எஞ்சினும் மேல் ஆர்பிஎம்மில் மூச்சுத் திணறும். ஸ்பார்க் பிளக் முனை காபிப்பொடி நிறத்தில் இருக்கட்டும். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பற்களை முன்னும் பின்னும் எண்ணி எழுதுங்கள். பின்னால் பல் கூடினால் கிளம்பல் வேகமாகும், டாப் ஸ்பீடு குறையும். தோற்ற வண்டி எஞ்சினால் தோற்காமல் பல்லால் தோற்றிருக்கலாம்.

எடை போட லாரி எடைமேடை வேண்டாம். அது 5, 10 கிலோவாகத்தான் தாவும். நூறு கிலோ சொச்ச வண்டிக்கு அந்தப் பிழை பெரிது. ரைஸ்மில்லில் நெல்மூட்டை போடும் தராசு போதும். வண்டியோடு ஓட்டுபவரையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டையும் ஒரே ஆள்தான் ஓட்ட வேண்டும்.

நம் டெல்டாவில் மேடு பள்ளம் தொல்லை இல்லை, காற்றுதான் தொல்லை. ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்று ஒரு திசையில் தள்ளும், மறுதிசையில் மறிக்கும். விடிந்ததும் தொடங்கி இரண்டையும் ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். 25 டிகிரியில் இருக்கும் காற்று 38-க்குப் போனால் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறையும். மதியம் ஓட்டிய வண்டிக்கு அது அநியாயம்.

போக்குவரத்து இல்லாத நேர்ச் சாலையில் டேப் பிடித்து 100 மீட்டருக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். டிரம் பிரேக் என்பதால் அதற்கப்பால் இன்னொரு 100 மீட்டராவது காலியாக வேண்டும். அறுவடை மாதத்தில் சாலையில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். அப்போது இந்த வேலையே வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம்.

ஸ்டாப் வாட்ச் வைத்திருப்பவர் முடிவுக் கோட்டில் நிற்பார். தொடக்கத்துக்கு விசில் ஊதாதீர்கள், துண்டை வீசுங்கள். 100 மீட்டர் வர ஒலிக்குக் கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும். சண்டை வருவதே அந்த அளவு வித்தியாசத்தில்தான். போகும்போது மூன்று, வரும்போது மூன்று ஓட்டம். கிளட்ச் சொதப்பியதை அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி.

பிறகு நான்காவது கியரில், ஜிபிஎஸ் காட்டும் 30 கி.மீ. வேகத்தில் முதல் கோட்டைத் தொட்டதும் ஆக்ஸிலரேட்டரை முழு முறுக்கு; இரண்டாவது கோடு வரை நேரம் பாருங்கள். பழைய ஸ்பீடோமீட்டரை நம்ப வேண்டாம். கியர் மாற்றும் கைத்திறனுக்கு இதில் இடமில்லை, இழுவை மட்டும் தெரியும். 135 ஐந்து கியர் வண்டியானால் அதையும் குறித்துவையுங்கள்; அதன் நான்காவது, 100-ன் டாப் கியருக்குச் சமம் ஆகாது.