கிராம சபையில் ஊர்த் தேவையைத் தீர்மானமாக்குவது எப்படி?

கிராம சபை என்றதும், கொடியேற்றம் முடிந்தபின் பந்தலில் நடந்து கலையும் ஒரு சடங்காகவே பலர் அதை நினைக்கிறார்கள். பேசுகிறவர்கள் பேசுவார்கள், அலுவலர்கள் குறித்துக்கொள்வார்கள், அடுத்த கூட்டத்திலும் அதே குறையை அதே ஆள் எழுந்து சொல்வார் என்ற சலிப்பு ஊருக்கு ஊர் இருக்கிறது. கூட்டத்தில் உரக்கப் பேசப்பட்டவை தீர்மானப் புத்தகத்தில் ஏறாமலே போவதுதான் அந்தச் சலிப்பின் வேர் என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றிய அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் எடை போடப்படுவது எழுதிக் கையொப்பமிட்ட வரி மட்டுமே. அந்த வரியை எப்படித் தயாரிப்பது, எப்படி நிறைவேற்றுவது, நிறைவேறிய பின் எப்படித் தொடர்வது என்பதைத் தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளின் நடைமுறையை வைத்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் உரிமையைத் தெளிவாக்கிக்கொள்வோம். அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் உள்ளது. அதையொட்டி இயற்றப்பட்டதே 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். இவற்றின்படி, ஊராட்சி எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வாக்கு வைத்திருப்பவரும் உறுப்பினரே. தனி அழைப்பு எதுவும் அவருக்குத் தேவையில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22 உலக தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியிலும் சபை கூட வேண்டும். ஆகையால் தலைவர் இல்லாத காலத்தில் கூட்டம் எதற்கு என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. கேள்வி கேட்க வார்டு உறுப்பினர்களும் இல்லாத அந்தக் காலத்தில்தான் மக்களின் வருகை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஆறு கூட்டங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் மக்கள் திட்டமிடல் இயக்கம் 2018 முதல் அக்டோபர் 2 அன்று தொடங்குவது வழக்கமாகியிருக்கிறது. புதிய குழாய், புதிய சாலை, சுடுகாட்டுக் கூரை போன்று பணம் ஒதுக்க வேண்டிய வேலைகளை அக்டோபரிலும் நவம்பரிலும் எழுப்பினால் திட்டத்தில் ஏறும் வாய்ப்பு மிகுதி. இதே வேலையை மே மாதத்தில் கேட்டால், இந்த ஆண்டுத் திட்டம் முடிவாகிவிட்டது என்ற பதில் வரும். அந்தப் பதிலில் ஓரளவு உண்மையும் இருக்கும். தெருவிளக்கு மாற்றுவது, தொட்டி கழுவுவது, வாய்க்கால் அடைப்பு எடுப்பது போன்ற பராமரிப்பு வேலைகளை எந்தக் கூட்டத்திலும் கேட்கலாம்.

கூட்டத்துக்கு முன்

தேவையைத் தேர்ந்தெடுக்கும்போது அது யாருடைய வேலை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். குடிநீர், தெருவிளக்கு, ஊருக்குள்ளான சாலை, வடிகால், சுடுகாடு ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. பட்டா, சாதிச் சான்று, புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்பன வருவாய்த் துறையின் வேலைகள். நீர்நிலைகளில் குழப்பம் அதிகம்: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள பெரிய ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையின் கையில் இருக்கின்றன, அதைவிடச் சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை, ஊரணியும் குட்டையும் ஊராட்சியைச் சேர்ந்தவை. பிற துறையின் வேலையையும் சபையில் தீர்மானமாக்கலாம் என்றாலும், அந்தத் தீர்மானம் இன்ன துறையைக் கேட்டுக்கொள்வதாக எழுதப்பட வேண்டும். இல்லையேல் அது ஊராட்சி அலுவலகத்து அலமாரியிலேயே உறங்கிவிடும். ஒரு தனி மனிதருக்கு முதியோர் உதவித்தொகை வரவில்லை என்பது போன்ற மனுவுக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளே ஏற்ற இடம். சபையின் நேரத்தைப் பொதுத் தேவைக்கு வைத்துக்கொள்வோம்.

தேவையைத் தேர்ந்த பின் அதை அளந்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, வடக்குத் தெருக் கடைசியில் தண்ணீர் வரவில்லை என்பது குறை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் ஒரு வீட்டார் ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறிக்க வேண்டும்: திங்கள் காலை 6.40க்குத் திறந்த தண்ணீர் 7.05க்கு நின்றது, கடைசி மூன்று வீடுகளுக்கு ஆளுக்கு இரண்டு குடம்தான் கிடைத்தது, புதன்கிழமை மோட்டார் ஓடவில்லை. இப்படி ஏழு நாள் குறிப்பு கையில் இருந்தால், தண்ணீர் எல்லாருக்கும் சரியாகத்தான் போகிறது என்று யாராலும் மேடையில் சொல்ல முடியாது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதி அதன் தூணில் எழுதப்பட்டிருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். தொட்டி ஆபரேட்டரை எதிரியாக்காமல் அவரிடமே கேட்டால், கேட்வால்வு எங்கே பழுது, குழாய் எங்கே குறுகுகிறது என்பதை ஓவர்சியருக்கு முன்பாகவே அவர் சொல்லிவிடுவார். குறைந்த சம்பளத்தில் ஊரின் தாகத்தைச் சுமக்கும் அவர்களையும் தூய்மைக் காவலர்களையும் சபையில் குற்றவாளிகளாக நிறுத்துவது அநியாயம். பழுது பெரும்பாலும் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்.

அதன்பின் தீர்மானத்தை நீங்களே எழுதிவிடுங்கள். “குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்” என்று எழுதினால், தீர்ந்ததா இல்லையா என்று பின்னால் யாராலும் சோதிக்க முடியாது. மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: “வடக்குத் தெருவின் கடைசி 11 வீடுகளுக்குக் குடிநீர் எட்டாத காரணத்தால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து அத்தெருவுக்குத் தனிக் குழாய் பதித்து கேட்வால்வு அமைப்பதற்கான மதிப்பீட்டைத் தயாரித்துத் தருமாறு ஒன்றியப் பொறியாளரைக் கேட்டுக்கொள்வதென்றும், மதிப்பீடு கிடைத்தபின் நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்குரிய தொகையிலிருந்து இப்பணியைச் செய்வதென்றும், எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் அறிக்கையாக வைப்பதென்றும் இச்சபை தீர்மானிக்கிறது.” இடம், காரணம், செய்ய வேண்டியவர், பணத்துக்கான வழி, பதில் சொல்ல வேண்டிய நாள் ஆகிய ஐந்தும் இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். பணத்துக்கான வழியைச் சொல்வது மிக முக்கியம். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உங்கள் ஊராட்சிக்கு என்ன வந்தது, எதற்குச் செலவானது என்பதை இ-கிராம ஸ்வராஜ் இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். ஊரில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணிடமோ பையனிடமோ இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு மாலைப்பொழுதில் முடித்துத் தருவார்கள்.

எழுதிய தீர்மானத்தில் தெருக்காரர்கள் கையொப்பமிட்டு, கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்னதாகவே ஊராட்சி செயலரிடம் ஒரு படி கொடுத்து, மற்றொரு படியில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் அதை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. பெண்களுக்குத் தெரிந்த செய்தி வீடுவீடாகப் போய்ச் சேரும், கூட்டமும் தானாக நிறையும்.

கூட்ட நாளில்

சபை நடக்கும் இடமே அதன் முதல் சோதனை. வழிபாட்டுத் தலங்களின் வளாகத்தில் கூட்டம் நடத்தக் கூடாது என்பதும், சிற்றூர்களுக்கும் குடியிருப்புகளுக்கும் சுழற்சி முறையில் போக வேண்டும் என்பதும் அரசின் நெறி. இது சிலருக்குச் சிறிய விஷயமாகத் தோன்றலாம். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிபட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடாமல் தடுக்கப்பட்டது. 2006இல்தான் அங்கே தேர்தல் நடந்தது. அந்த வரலாறு உள்ள மாநிலத்தில், காலனித் தெருவில் கூட்டம் நடக்கிறதா, நடந்தால் ஊர்த்தெருக்காரர்கள் வருகிறார்களா, எல்லாரும் ஒரே விரிப்பில் அமர்கிறார்களா என்று பார்ப்பது ஒவ்வோர் உறுப்பினரின் கடமை. பல ஆண்டுகளாக ஒரே தெருவில் கூட்டம் நடந்துவந்தால், அடுத்த கூட்டத்தின் இடத்தையே ஒரு தீர்மானமாக்கிக் கேளுங்கள். கோயில் திருவிழாவுக்கு வரி பிரிக்கும் ஊர்க்கூட்டம் வேறு, கிராம சபை வேறு. யாரையும் ஊர்விலக்கம் செய்யவோ, அபராதம் போடவோ, சட்டத்துக்கு முரணாக எதையும் முடிவெடுக்கவோ சபைக்கு அதிகாரம் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் கையொப்பம் கேட்பார்கள். பக்கத்தின் மேலே தேதி, இடம், கூட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களை அழைத்துவந்து, கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. கடைசித் தீர்மானம் வரை உட்கார்ந்திருப்பது தங்கள் உரிமை என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, அதாவது குறைவெண் வரம்பு, மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கூட்டம் அதற்குக் குறைந்தால் எடுத்த முடிவுகளைப் பின்னர் கேள்விக்குள்ளாக்க முடியும் என்பதால், ஆள் திரட்டுவது உங்கள் தீர்மானத்துக்கே பாதுகாப்பு.

வரவு செலவு விவரம் படிவம் 30இன் சுருக்கமாகப் பேனரில் வைக்கப்பட வேண்டும். பேச எழுவதற்கு முன் அதைப் படித்து, உங்கள் தேவையோடு தொடர்புள்ள வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது கதை சொல்லாமல், “பொருள் எண் இன்னதின் கீழ் இந்தத் தீர்மானத்தை முன்மொழிகிறேன்” என்று தொடங்கி எழுதியதை வாசியுங்கள்; வேறு தெருவைச் சேர்ந்த ஒருவர் வழிமொழிந்தால் அதன் வலு கூடும். ஊராட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு இருந்தும், தலைவரின் கணவரோ மகனோ ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்ளும் காட்சி இன்னும் மறையவில்லை. அங்கே சண்டைக்குப் போக வேண்டாம். “தலைவரம்மா, நீங்களே வாசிங்கம்மா, உங்க குரல்ல கேக்கணும்” என்று கூட்டத்திலிருந்து இரண்டு மூன்று பெண்கள் அன்போடு சொன்னால் ஒலிவாங்கி உரியவர் கைக்குப் போய்விடும்.

இனிதான் தவறவே கூடாத கட்டம். தீர்மானங்கள் அந்த இடத்திலேயே எழுதப்பட்டு, உரக்க வாசிக்கப்பட்டு, அதன்பின் கையொப்பமாக வேண்டும். பிறகு எழுதிக்கொள்கிறோம் என்று சொன்னால், கூட்டத்தைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட அலுவலரான பற்றாளரிடம் மரியாதையாக முறையிட்டு, எழுதி முடிக்கும் வரை காத்திருங்கள். உங்கள் தீர்மானத்தில் பணத்துக்கான வழியும் பதில் சொல்ல வேண்டிய நாளும் விடுபடாமல் ஏறியிருக்கின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள். இந்த இரண்டும்தான் வழக்கமாகக் கழன்றுவிடும். வெற்றிடம் விட்ட பக்கத்தில் கையொப்பமிட வேண்டாம். முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

கூட்டத்துக்குப் பின்

ஒரு வரி என்ன செய்யும் என்ற ஐயம் வரலாம். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, 12 சபைகளும் வேண்டாம் என்று தீர்மானித்தன, சுரங்கம் வரவில்லை. மதுரை அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. மக்களின் போராட்டத்தோடும் சட்டப்பேரவைத் தீர்மானத்தோடும் சேர்ந்து அவை அழுத்தம் தந்ததில், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அவ்வளவு பெரிய களத்தில் எடுபட்ட கருவியை ஒரு குழாய்க்கும் துணிந்து பயன்படுத்தலாம்.

கூட்டம் முடிந்த வாரத்திலேயே தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்தும் அசைவு இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், தீர்மானத்தின் நகலையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். இதைச் சண்டையாகக் கருதாமல் எழுத்துப் போக்குவரத்தாக நடத்தினால் செயலரோடும் தலைவரோடும் உறவு கெடாது. நாளை அதே அலுவலகத்தில்தான் வீட்டு வரி ரசீதுக்கு நிற்க வேண்டும்.

அடுத்த கிராம சபையில் புதிய பொருளுக்குப் போகும் முன், சென்ற கூட்டத் தீர்மானங்கள் மீதான நடவடிக்கையை வாசிக்கும்படி கேளுங்கள். நிதி இல்லை என்று பதில் வந்தால், எந்தத் தலைப்பில் எவ்வளவு இருப்பு என்று படிவம் 30ஐ வைத்தே கேட்டு, அந்தப் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். மதிப்பீடே வரவில்லை என்றால், ஒன்றியப் பொறியாளருக்கு நாள் குறித்து இரண்டாவது தீர்மானம் போட்டு, இரண்டின் நகலையும் ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். கடிதங்கள், ஒப்புதல்கள், படங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் போட்டு, ஒருவர் வீட்டிலேயே வைத்திருக்காமல், தெருவில் இரண்டு வீடுகளில் படி வையுங்கள். கோப்பை வைத்திருப்பவர் வேலை தேடி வெளியூர் போய்விட்டாலும் அடுத்த கூட்டத்தில் எழுந்து வாசிக்க ஒருவர் இருப்பார்.