மறைந்துபோன தெருமுனை பப்பின் வரலாற்றைத் தேடித் தொகுக்கும் முறை

இங்கிலாந்தில் இளமையைக் கழித்த பலருக்கு, வீட்டிலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருந்த பப் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாகவோ பலசரக்குக் கடையாகவோ மாறிவிட்டது. அது எப்போது திறந்தது, யார் நடத்தினார்கள், ஏன் மூடப்பட்டது என்பவற்றை ஆவணத் துணையோடு எழுதிவைக்க விரும்புவோர், நினைவிலிருக்கும் பெயரைக் கொண்டு தேடலைத் தொடங்காமல் இருப்பது நல்லது. ரெட் லயன், ராயல் ஓக் போன்ற பெயர்கள் நாடெங்கும் இருந்தன. உரிமையாளர் மாறும்போது பெயர்ப்பலகை மாறியதும் உண்டு. கதவு எண்களும் நிலையானவை அல்ல.

ஆகவே இடத்தை முதலில் உறுதிசெய்யுங்கள். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய பெரிய அளவு வரைபடங்களில் பப்கள் ‘பி.எச்.’ (பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம்) என்று குறிக்கப்பட்டிருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் வரைபடங்களையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிறகு கெல்லி போன்ற பதிப்பகங்களின் தெருவாரி முகவரிக் கையேடுகளைப் புரட்டினால், அவை வெளிவந்த அந்தந்த ஆண்டில் அங்கே இருந்தவரின் பெயர் கிடைக்கும். குறுக்குத் தெருக்கள் எங்கே சந்திக்கின்றன என்பதையும் அவை இடையிடையே குறிப்பதால், எண்கள் மாறியிருந்தாலும் கட்டடத்தை அடையாளம் காண முடியும்.

அடுத்தது உரிமப் பதிவேடு. உழைப்பின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்க வேண்டும். 1552-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து மது விற்கும் உரிமத்தை வழங்கியவர்கள் நீதி நடுவர்களே. 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டம் 2005 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்தப் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களுக்கு வந்தது. பழைய பதிவேடுகளைக் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். அவை பெரும்பாலும் நடுவர் மன்றப் பிரிவு வாரியாக அடுக்கப்பட்டிருப்பதால், உங்கள் தெரு எந்தப் பிரிவில் இருந்தது என்பதை முன்கூட்டியே அறிந்து செல்லுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. 1830-ஆம் ஆண்டு பீர் விற்பனைச் சட்டத்தின்படி, வரி செலுத்தும் எவரும் நடுவர்களிடம் போகாமலே, கலால் துறையிடம் இரண்டு கினி (பழைய ஆங்கிலேயப் பண அலகு) கட்டி, பீர் விற்கும் சிறு பப்பான பீர்க்கடையை வைக்க முடிந்தது. 1869-இல்தான் நடுவர்களின் கட்டுப்பாடு திரும்பியது. ஆகவே ஒரு பப் 1869-இல் முதன்முதலாகப் பதிவேட்டில் தென்பட்டால், அது அந்த ஆண்டுதான் பிறந்தது என்று எழுதிவிடக் கூடாது.

பழைய செய்தித்தாள்களில் உரிமம் கைமாறிய செய்திகளோடு மரண விசாரணைச் செய்திகளையும் தேடுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவ்விசாரணைகள் பல, வேறு பொது இடம் இல்லாததால், பப்களிலேயே நடைபெற்றன.

மூடப்பட்ட காரணத்தை எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. 2007 ஜூலை 1 அன்று பப்களுக்குள் புகைபிடிக்க வந்த தடையையே எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் அதற்கு வெகுமுன்பே, பழைய குடியிருப்புகளை இடித்தபோது தெருவோடு சேர்ந்து போன பப்கள் ஏராளம். 2,000-க்கும் மேற்பட்ட பப்களை வைத்திருந்த பெரிய பீர் ஆலைகளின் பிடியைத் தளர்த்த 1989-இல் வந்த அரசாணைகளுக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான பப்கள் சொத்து நிறுவனங்கள் போலவே இயங்கிய பப் நிறுவனங்களின் கைக்குப் போயின. உங்கள் பப்பும் அவ்வாறு விற்கப்பட்டதா என்பதை நிலப் பதிவேட்டில் பாருங்கள்; இனி அங்கே மது விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விற்கப்பட்டிருந்தால் அதுவும் தெரியவரும். கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கான திட்ட அனுமதிக் கோப்பு கிடைக்காவிட்டால் வியக்க வேண்டாம்: 2017 மே மாதம் வரை, இங்கிலாந்தில் பப்பைக் கடையாக மாற்றப் பெரும்பாலும் அனுமதியே தேவைப்படவில்லை.

முதியவர்களை இந்த வேலைகளுக்குப் பிறகே சந்தியுங்கள். மூடிய ஆண்டைக் கேட்காதீர்கள். பப்பின் எளிய அறையான பப்ளிக் பாரில் அமர்ந்தவர்கள் யார், வசதி கூடிய அறையான சலூன் பாருக்குப் போனவர்கள் யார், இரண்டுக்கும் இடையிலிருந்த சுவரை இடித்த பின் எவர் வருவதை நிறுத்தினார் என்று கேளுங்கள். இவற்றை எந்தப் பதிவேடும் சொல்லாது. தொகுத்ததன் ஒரு படியை, ஒவ்வொரு தகவலும் கிடைத்த இடத்தைக் குறித்து, உள்ளூர் வரலாற்று நூலகத்தில் ஒப்படையுங்கள். உயிரோடிருப்பவர்களின் பெயர்களை அவர்களின் இசைவின்றிச் சேர்க்க வேண்டாம்.