கோளாறு புளோயரிலா, சைக்ளோனின் அடியிலா?

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் அட்டைப்பெட்டி செய்யும் ஆலை ஒன்றில் இருந்து அழைப்பு வந்தது. மெஷின்களில் வெட்டி விழும் காகிதக் கழிவை டக்ட் எனும் குழாய் வழியாக இழுக்கும் பெரிய காற்றாடிதான் புளோயர்; அந்தக் காற்றிலிருந்து கழிவைப் பிரிக்கும் கூம்புக் கலன் சைக்ளோன். நமக்கு ஆடி, அங்கே கர்க்கடகம். வாளையாறு தாண்டும்போதே மழை. "புளோயர் இழுக்கவே மாட்டேங்குதுங்ணா, கூரை மேலெல்லாம் பேப்பர் துண்டு" என்றார் பொள்ளாச்சியில் இருந்து வேலைக்கு வரும் தம்பி. நான் போவதற்குள் புளோயரின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள்.

எல்லோரும் முதலில் செய்யும் தவறு இதுதான். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் புளோயருக்கான மின்சாரம் ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். கோளாறோ அப்படியே இருக்கும்.

சைக்ளோனில் காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. கழிவு சுவரோரம் ஒதுங்கிக் கூம்பு வழியாக இறங்க, காற்று நடுவில் திரும்பி மேலே போய்விடுகிறது. புளோயர் சைக்ளோனுக்குப் பின்னால் நின்று இழுக்கும் அமைப்பு என்றால், உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அடியில் சின்ன இடுக்கு இருந்தாலும் போதும், வெளிக்காற்று அதன் வழியே ஏறி, இறங்கி வந்த துண்டுகளைத் திரும்ப மேலே தூக்கிக்கொண்டு போகும்.

மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சுக்குப் பூட்டும் போட்ட பிறகு அடியிலுள்ள ரோட்டரி வால்வைத் திறந்தோம். காற்றை உள்ளே விடாமல் கழிவை மட்டும் கீழே இறக்கும் சுழல் கதவு அது. எட்டு இதழ்களில் மூன்றின் ரப்பர் விளிம்பு தேய்ந்து, ஓரத்தில் என் சுண்டுவிரல் நுழைந்தது. ரப்பரை மாற்றி, பழைய வேகத்திலேயே ஓட்டினோம். கூரைக்குத் துண்டு போவது நின்றது.

கசிவைப் பார்க்க டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்று போதும். இணைப்புகளுக்கு அருகே பிடித்தால், கசியும் இடத்தில் உள்ளே இழுபடும். சிலர் ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கிறார்கள். காகிதத் தூசி எரியக்கூடியது, தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு தவறு, மரத்தூளுக்குச் செய்த சைக்ளோனை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது. தூள் இறங்கும் குறுகிய வாயில் நீளமான கீற்றுகள் பின்னிக்கொண்டு அடைக்கும். காகிதக் கீற்றுக்கு வாய் அகலமாக வேண்டும்.

புதிதாக மெஷின் வாங்கினால் பழைய டக்டிலேயே கிளை போட்டு இணைப்பதும் நடக்கிறது. கீற்று மிதந்து போக நொடிக்கு 20 முதல் 25 மீட்டர் வேகம் வேண்டும். கிளை கூடக்கூட மற்ற கிளைகளில் வேகம் குறைந்து, படுக்கையான குழாயில் கழிவு தங்கிவிடும்.

சைக்ளோன் நுண்தூசியைப் பிடிக்காது, அதற்குப் பை வடிகட்டி வேண்டும். பாலக்காட்டு மழைக்காலத்தில் ஈரத்தால் அந்தப் பைகள் சீக்கிரம் அடைபடும். ஜூன் பிறந்ததும் அழுத்த அளவியைத் தினமும் பார்த்துக் குறித்து வையுங்கள்.

அப்புறம் எர்த்திங். டக்டில் காகிதம் உரசிப்போகையில் நிலைமின்சாரம் சேரும். குழாய்த் துண்டுகளை இணைக்கும் விளிம்புத் தட்டுகளான பிளாஞ்சுகளுக்கு நடுவே ரப்பர் கேஸ்கெட் இருந்தால் மின்தொடர்பு அறுந்துவிடும், செம்புப் பட்டையால் இணைக்க வேண்டும். இணைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகே பட்டையை முடுக்குங்கள்.